அடி குடித்த மண்

கருங்கரட்டு மண் பட்டறையில் மண் முதன்முதலாக ஒரு அறையைக் குடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்கும் மூன்றாம் தண்ணி அலசலுக்கும் நடுவில், மாரக்காளின் இடது கன்னத்திலிருந்து. அன்று வேலையில் இருந்த பதினோரு பெண்களும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மறுபடியும் அலசப் போனார்கள், ஏனென்றால் அலசலைப் பாதியில் விட்டால் ஆசிட் மண்ணுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எத்தனை தண்ணி விட்டாலும் எழுந்து வராது.

பட்டறையில் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் துளசிமணி சொல்வாள், "மண்ணுக்குப் பசி உண்டாக்கறதுங்க." கரட்டடிக் குழியில் வெட்டிய வெளிர்மஞ்சள் களிமண் லாரியில் வரும். அதைக் காயவைத்து, உடைத்து, சலித்து, ஈயத் தகடு பதித்த தொட்டியில் ஆசிட்டோடு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிடுவார்கள். ஆசிட் மண்ணுக்குள் புகுந்து அதிலிருக்கிற சுண்ணாம்பையும் இரும்பையும் இன்னும் பேர் தெரியாத எதையெதையோ பிடுங்கி வெளியே போட்டுவிடும், பிடுங்கிய இடமெல்லாம் பொந்து பொந்தாக நிற்கும், அந்தப் பொந்துகளில் பசி வந்து உட்காரும். அதற்குமேல் ஏழு தண்ணி அலசவேண்டும். புளிப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு, கருவி கெட்டு நாலு வருஷமாகிறது, துளசிமணியின் நாக்கு கெடவில்லை, அதனால் ஒவ்வொரு தொட்டி மண்ணையும் அவள்தான் நுனிநாக்கில் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பாள். வறுத்து அரைத்த மண் மூட்டைகளில் சாய ஊருக்குப் போகும். அங்கே சாயக் கழிவுத் தொட்டியில் கொட்டினால் தண்ணீரிலுள்ள நிறத்தையெல்லாம் குடித்துவிட்டு, நீலமாகவும் சிவப்பாகவும் கறுப்பாகவும் வயிறு நிறைந்து திரும்பி வரும். வந்ததை உப்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பிவிட்டு இன்னொருவன் உட்காருகிற மாதிரி, உப்பு மண்ணுக்குள் புகுந்து சாயத்தை எழுப்பி வெளியே துரத்திவிடும், மண்ணை இன்னொரு தடவை அனுப்பலாம். முப்பது வருஷமாக இதுதான் வேலை.

அன்று மாரக்காள் வரும்போதே கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலிருப்பதுதான் பட்டறையில் ஒருத்திக்கு ஒருத்தி கொடுக்கிற மரியாதை. அவள் வாளியைக் கவிழ்த்தபோது அலசின மண் ஒரு கைப்பிடி தெறித்து அந்தக் கன்னத்தில் அப்பிக்கொண்டது, கைக்குழந்தை பால் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு கத்திரிக்காய் நிறத்தில் கட்டியாகக் கீழே விழுந்தது. கன்னம் வழவழவென்று இருந்தது. துளசிமணி கட்டியை எடுத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது, காதில் வைத்துக் கேட்டாள், உள்ளே ஒரு 'பளார்', அதன் பின்னால் ஒரு ஆண் குரல், "எதுத்தா பேசறே?"

மாரக்காளும் வாங்கிக் கேட்டாள். "தொளசக்கா, இது என்ற வூட்டுக்காரன் குரலு."

"அவனேதான்."

"கெரகம், இங்கயும் வந்துட்டானா. வூட்லதான் இவன் தொல்லைன்னு பாத்தா."

பதினோரு பேரும் சிரித்தார்கள். சாயத்தைக் குடிக்கிற மண் அறையைக் குடித்தால் என்ன, இரண்டும் தோலில் ஏறுகிற கறைதானே என்று யாரோ சொன்னார்கள், அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் பதினோரு டிபன் பாக்ஸ்களில் மண் வீட்டுக்குப் போனது. ஒரு மாதத்தில் கருங்கரட்டில் எல்லா வீட்டு மாடத்திலும் ஒரு டப்பா மண் இருந்தது. முதலாளி பொங்கியண்ணன் காரியக்காரர், மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான், அவர் அதை அரைக்கிலோ பொட்டலமாகப் போட்டு மஞ்சள் லேபிள் ஒட்டினார். மளிகைக் கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுக்கு அடுத்தபடி அது சரமாகத் தொங்கியது, கல்யாணச் சீரில் மஞ்சள், குங்குமம், வெற்றிலையோடு ஒரு பொட்டலம் மண்ணும் வைக்கிற வழக்கம் வந்தது, பிரம்பு வைத்திருக்கிற வாத்தியார்கள் மேசை டிராயரில் ஒன்று வைத்துக்கொண்டார்கள், டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு மூட்டையாகவே போனது, உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது ரோஜாப்பூ மாதிரி வந்தார்கள், நடக்கத்தான் கொஞ்சம் தடுமாறினார்கள். மாமியார்கள் மருமகள்களிடம், "அடிச்சா அடிச்சுட்டுப் போறான், பொட்டலம் இருக்குதில்ல" என்றார்கள். மண் வலியையும் வீக்கத்தையும் தடத்தையும் சேர்த்து எடுத்துவிடுவதால், அடித்தவனுக்கே சாயங்காலத்துக்குள் அடித்தது மறந்துபோயிற்று.

அதுவரை ஒருவருக்கும் தெரியாமலிருந்த ஒன்று அப்போதுதான் தெரிந்தது. கருங்கரட்டு ஆண்கள் இத்தனை நாளும் கையைக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தது அடிக்குப் பயந்து இல்லை, தடத்துக்குப் பயந்து. நாளைக்கு ஒரு விருந்து, நாளன்றைக்கு ஒரு காதுகுத்து, பொண்டாட்டி கண் வீங்கிப் பந்தியில் உட்கார்ந்தால் ஒறம்பரை என்ன பேசும் என்று, அந்தக் கூச்சத்துக்காக நிறுத்திக்கொண்டிருந்தவர்கள்தான் பாதிப் பேர். கூச்சத்தை மண் குடித்துவிட்டது. அதற்கப்புறம் கருங்கரட்டில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டது, விடிந்தால் ஒரு முகத்திலும் ஒரு கீறல் இல்லை.

துளசிமணி எதற்கும் கவலைப்படுகிறவள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள், வந்து பார்த்துவிட்டு, பூட்டைப் பூட்டினோமா என்று மறுபடி திரும்புவாள். புருஷன் போய் ஒன்பது வருஷம், அவன் விட்டுப்போன தழும்பு இடது புருவத்தில் இருக்கிறது, பழைய தழும்பை மண் எடுக்காது. ஒரே மகள் சுகந்தி. அவளைச் சாய ஊரில் துணி வெட்டும் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கிற யுவராஜுக்குக் கொடுத்து இரண்டு வருஷம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு 'யு' என்று எழுத்துப் பொறித்த மோதிரம் போட்டவளும் துளசிமணிதான், எழுத்து எடுப்பாகத் தெரியவேண்டும் என்று ஆசாரியிடம் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துச் செய்ததும் அவள்தான்.

அந்த 'யு' மூன்றாவது மாதமே, மோதிரம் உள்ளங்கைப் பக்கம் திரும்பிய கையால் அறைந்ததில், சுகந்தியின் கன்னத்தில் கிடந்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி. துளசிமணி மண்ணைக் குழைத்து அப்பினாள். மண் குடித்தது. "சரியாப் போச்சு கண்ணு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி ஆறரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அப்புறம் முதுகு, அப்புறம் பெல்ட் பட்ட தொடை, அப்புறம் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிய நெற்றி. ஒவ்வொரு தடவையும் மகள் வந்தாள், ஒவ்வொரு தடவையும் அம்மா அப்பினாள், ஒவ்வொரு தடவையும் பஸ் வந்தது. பட்டறையில் அவளைவிட நன்றாக மண் குழைக்கிறவர்கள் யாருமில்லை, அவள் கை பட்டால் தோலில் ஒரு நிழல்கூட மிஞ்சாது, இதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது, பிற்பாடு எதை மன்னித்தாலும் அந்தப் பெருமையை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடி குடித்த கட்டிகளை என்ன செய்வது என்பது ஊருக்கே பிரச்சினையாக இருந்தது. வீட்டில் வைத்தால் முனகுகிறது, பால் திரிகிறது, தொட்டில் பிள்ளை வீறிடுகிறது. சுற்றுப்பட்டு ஏழு ஊர்க்காரர்களும் டவுன் ஸ்டேஷன்காரர்களும் பட்டறைக்கே கொண்டுவந்து கொட்டினார்கள். பொங்கியண்ணன் எதையும் வீணாக்கமாட்டார், "சாயம் குடிச்ச மண்ணைப் போலத்தானே, உப்புத் தொட்டில போடுங்க, இன்னொரு சுத்து விடலாம்" என்றார். போட்டார்கள். தொட்டியைக் கலக்கியது மேஸ்திரி சின்னராசு, கல்யாணமாகாதவர், அம்மாவைத் தவிர யாரிடமும் சத்தமாகப் பேசாதவர். துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியதும் உப்பு உள்ளே புகுந்து அடிகளை எழுப்பி விரட்டியது, எழுந்த அடிகளுக்குத் தங்களைக் கொடுத்தவன் யார், வாங்கியவள் யார் என்றெல்லாம் தெரியவில்லை, கிட்டத்தில் இருந்த உடம்பு சின்னராசுவுடையது. நாற்பது அறை, ஆறு உதை, ஒரு விறகுக்கட்டை அடி. அவரைத் தூக்கும்போது வாயில் பல் நாலு இல்லை. "நான் ஆரையும் ஒண்ணும் பண்ணலைங்களே" என்று அவர் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு அந்த மண்ணை உப்பில் காட்டக்கூடாது என்று உத்தரவாயிற்று. செங்கல்லாக அறுத்துக் காயவைத்தார்கள். அந்தச் சமயம் மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டுகிற வேலை நடந்தது, பொங்கியண்ணன் கல்லெல்லாம் தன் காணிக்கை என்றார், ஊர் அவருக்கு மாலை போட்டது. சுவரும் தூண்களும் ஏழு ஊர் அடிகளால் எழும்பின. காதை வைத்தால் உள்ளே இரைச்சல் கேட்கும், கடல் மாதிரி இருக்கிறது என்று கடலைப் பார்க்காதவர்கள் சொன்னார்கள். அம்மனுக்குக் காணிக்கையாக என்ன கொட்டுகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மை கண்டால், கட்டி வந்தால், மரு விழவேண்டுமென்றால், தலைமுறை தலைமுறையாகக் கருங்கரட்டில் உப்பும் மிளகும்தான் கொட்டுகிறார்கள்.

சுகந்தியின் கட்டிகளை மட்டும் துளசிமணி பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, அரிசி டிரம்மில் அரிசிக்கு அடியில் வைத்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் அவை வெதுவெதுப்பாகக் கையில் தட்டுப்பட்டன. பத்து இருந்தன.

பதினோராவதற்குச் சுகந்தி மத்தியான பஸ்ஸில் வந்தாள். நாலு மாதக் கர்ப்பம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கால் வழியாக ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "வயித்துல உதைச்சுட்டான்மா" என்றாள். துளசிமணியின் கை, தலை யோசிக்கிறதற்கு முன்னால், மாடத்து டப்பாவுக்குப் போய்விட்டது. குழைத்தாள், அப்பினாள், அடிவயிற்றில் செருப்புக்கால் அளவுக்குக் கறுத்திருந்ததை மண் கடைசிச் சொட்டுவரை குடித்தது. அதற்கப்புறம்தான் ஆட்டோ பிடித்தாள். அடி மண்ணுக்குள் போயிற்று, பிள்ளை ஆஸ்பத்திரியில் போயிற்று, பிள்ளை போனதைக் குடிக்கிற மண் எந்தக் குழியிலும் இல்லை.

எட்டாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பெண் போலீஸ் ஒருத்தியை விட்டு உள்ளே கூட்டிப்போய்ப் பார்க்கச் சொன்னார். அவள் வந்து, "ஒண்ணுமே இல்லீங்க சார், பச்சைப்புள்ளை ஒடம்பாட்ட இருக்குது" என்றாள்.

"தடம் எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆஸ்பத்திரிச் சீட்டுல தானாக் கலைஞ்சுதுன்னு இருக்குது. தடமில்லாம நான் எதை எழுதறது?"

துளசிமணி தன் கையைப் பார்த்தாள். அவர் மேசைக்குக் கீழேயும் மஞ்சள் லேபிள் மூட்டை ஒன்று சாய்ந்திருந்தது.

வெளியே வந்ததும் சுகந்தி சொன்னாள், "அவன் கூப்புட வருவான்மா. நீ இந்தத் தடவையும் மண்ணு பூசி அனுப்பிச்சீன்னா, அடுத்த தடவை பூசறதுக்கு நான் இருக்கமாட்டேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

யுவராஜ் வந்தான், பொங்கியண்ணனிடம் போய் முறையிட்டான். பொண்டாட்டியை மாமியார் பிடித்து வைத்திருக்கிறாள், ஊர் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும் என்றான். மாரியம்மன் நோன்பு வாரம், வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மண்டபத்தில் பேசிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அந்த நியாயத்தில் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னால் சுகந்தி போகவேண்டும், போகமாட்டேன் என்றால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஊரில் தண்ணீர் இல்லை, பட்டறையில் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை துளசிமணி டிரம்மிலிருந்து பதினோரு கட்டிகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தாள். ஆசிட் புளிப்பு ஒன்றிலும் இல்லை, பதினொன்றிலும் அவள் மகளின் வேர்வை இருந்தது, கடைசிக் கட்டியில் இன்னொரு ருசியும் இருந்தது, அதற்கு அவளிடம் பேர் இல்லை. துணியில் முடிந்துகொண்டு முதலில் பட்டறைக்குப் போனாள்.

"மாரா, குடோன்ல எத்தனை மூட்டை கெடக்குது?"

"நூத்திப்பத்து இருக்கும். ஏனுங்கக்கா?"

"அத்தனைக்கும் இன்னிக்குச் சோறு போட்டுரு. சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு வந்த சாயத் தண்ணி லாரி நிக்குதல்ல, அதைத் தெறந்து விட்டுரு. பொண்ணுங்ககிட்டயும் சொல்லிவுடு, வூட்டு மாடத்துலயும் கடையிலயும் பசியோட ஒரு பொட்டலம் இருக்கப்படாது."

மாரக்காள் அவள் இடுப்பிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். கேட்காமலிருப்பது பட்டறை மரியாதை. "நீலமா செவப்பாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மண்டபத்துக்குள் பெண்கள் போவதில்லை. துளசிமணி வீட்டில் பேச ஆண் இல்லாததால் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். வாசலில் கழற்றிப்போட்ட நாற்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. "நீ இங்கயே நில்லு கண்ணு, செருப்புக்குக் காவலா. என்ன சத்தம் கேட்டாலும் படியேறாதே" என்று சுகந்தியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள், திரும்பி வந்து, "படியேறாதே" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

உள்ளே வெள்ளை வேட்டிகள். நடுவில் பலிபீடத்தைச் சுற்றி உப்பு முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது, மேலே மிளகு, பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் அண்டா. பொங்கியண்ணன் தர்மகர்த்தா நாற்காலியில், வடமேற்குத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனம்மிணி, அடிச்சான் அடிச்சான்னு சொன்னாப் போதுமா? எங்க அடிச்சான்? தடம் வேணுமில்ல?"

"அத்தை மண்ணைக் கலக்கிக் கலக்கி இப்பக் குடும்பத்தையே கலக்கப் பாக்கறாங்க மாமா" என்றான் யுவராஜ். சிரிப்பு எழுந்தது. அவன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"தடம் கொண்டாந்திருக்கறனுங்க" என்றாள் துளசிமணி.

உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியில் முடிச்சை அவிழ்த்தாள். பொங்கியண்ணனுக்கு அந்த நிறம் தெரியும். "ஏய், உப்புக்கிட்டப் போவாதே!" என்றார். அதற்குள் அவள் அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு மடியில் ஊற்றி, ஒரு பிடி உப்பை முதல் கட்டியில் தேய்த்துவிட்டாள்.

"இது புரட்டாசி. கொழம்புல உப்புப் பத்தலைன்னு."

பளார் என்றது. ஆள் இல்லை, கை இல்லை, அவள் தலை மட்டும் ஒரு பக்கம் திரும்பியது, திரும்பிய கன்னத்தில் நாலு விரலும், மோதிர விரல் இருந்த இடத்தில் ஒரு திரும்பிய எழுத்தும் எழுந்தன. யுவராஜ் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினான்.

"இது ஐப்பசி. தீவாளிக்கு அம்மா வூட்டுக்குப் போறன்னு கேட்டதுக்கு." முதுகில் விழுந்தது, குனிந்தாள். "இது கார்த்திகை. போனை எடுக்க நேரமாச்சுன்னு." ரவிக்கைக்குக் கீழே பெல்ட்டின் பக்கிள் பதிந்தது. "இது தை, பொங்கலன்னிக்கு. பானை இடதுபக்கம் பொங்குச்சுன்னு." நெற்றி பிளந்தது, ரத்தம் தழும்பிருந்த புருவத்தின் மேல் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு பிடி உப்பு, ஒரு மாதம், ஒரு காரணம். நடுவில் எழுந்திருக்க நினைத்தவர்கள் எழுந்திருக்கவில்லை, அவள் குரல் அழுகிற குரலாக இல்லை, மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலாக இருந்தது, பாதியில் எழுந்தால் தன் வீட்டுச் சீட்டையும் வாசித்துவிடுவாளோ என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். பத்தாவதில் அவள் இடது கை முறிந்தது. பதினோராவதை வலது கையால் எடுத்தாள்.

"இது ஆனி. இதுக்குக் காரணம் என்னன்னு அவ எனக்குச் சொல்லலீங்க. நான் கேக்காம மண்ணைப் பூசிப்போட்டேன்."

அந்த உதை அவளை உட்கார்ந்த இடத்திலிருந்து தூக்கிப் பலிபீடத்தில் போட்டது. அண்டா சாய்ந்தது. மஞ்சள் தண்ணீர் உப்புக் குவியலுக்குள் பாய்ந்து, அதைக் கரைத்து, கனமாக, மெதுவாகத் தரையில் இறங்கியது.

முப்பது வருஷம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தவள் அவள். மண்டபத் தரை மேற்கே ஒரு விரற்கடை சரிவு என்று உள்ளே வரும்போதே அவள் பாதத்துக்குத் தெரிந்திருந்தது. உப்புத் தண்ணீர் நாக்கை நீட்டிச் சுவரைத் தேடிப் போவதைத் தரையில் கன்னம் வைத்துக் கிடந்தபடி பார்த்தாள். முந்தானை ஈரத்தில் கிடந்தது, வலது கை நன்றாக இருந்தது, குறுக்கே போட்டால் நின்றுவிடும். அவள் போடவில்லை.

முதலில் மேற்குச் சுவரின் அடிக்கல் நனைந்தது, ஈரம் கல்லுக்குக் கல் தாகத்தோடு மேலே ஏறியது. அப்புறம் மூன்று வருஷத்து அடிகள் எழுந்தன. ஏழு ஊர் அறைகளும், விறகுக்கட்டையும் துடைப்பக்கட்டையும், பிரம்பும் பெல்ட்டும், சுவரில் மோதிய தலைகளும், கொதிக்கும் ரசத்தை வீசிய கரண்டிகளும், கழுத்தை நெரித்துக் கடைசி மூச்சில் விட்ட பிடிகளும், வயதான அப்பனைத் தள்ளிவிட்ட தள்ளல்களும், மருமகள் தலையில் குத்திய குத்துகளும் சுவரை விட்டு இறங்கி, கிட்டத்தில் கிடைத்த உடம்பில் விழுந்தன. வெள்ளை வேட்டிகள் சிவந்தன. ஒருவன் கன்னத்தில் தன் கையே விழுந்ததை அடையாளம் கண்டு தன் பேரைச் சொல்லித் தன்னையே திட்டினான். கதவைத் தேடி ஓடியவர்களைக் கதவுப்பக்கத் தூண் உதைத்து உள்ளே தள்ளியது. யுவராஜின் தாடை போயிற்று, விலா போயிற்று, மோதிரக் கையின் ஐந்து விரலும் யாரோ ஒரு கிழவியைக் கதவிடுக்கில் நசுக்கிய அடியில் போயின. அடிகளோடு அவற்றுக்குள் இருந்த குரல்களும் வெளியே வந்தன, 'எதுத்தா பேசறே', 'எங்கடி போனே', 'வாயை மூடு'. சத்தம் கேட்டு வெளியே வந்து கூடிய பெண்கள் அந்தக் குரல்களைத் தனித்தனியாக அடையாளம் சொன்னார்கள். படியேறவில்லை.

யாரையும் அடிக்காத இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள். அதில் ஒருவர் மேஸ்திரி சின்னராசு. அவருக்கும் விழுந்தது, மிச்சமிருந்த பல்லில் மூன்று போயிற்று. துளசிமணி அதற்காக வருத்தப்பட்டாள், இன்றைக்கும் படுகிறாள், எழுந்து நடக்க முடிந்த அன்று முதல் வேலையாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "பரவாயில்லீங்க தொளசம்மா, எனக்குத்தான் பழக்கமாச்சே" என்று அவர் பொக்கை வாயால் சொன்னது அவளுக்கு எந்த அடியைவிடவும் வலித்தது.

சுவரிலிருந்த அடிகளெல்லாம் வாங்கிப் பிழைத்தவர்களிடமிருந்து எடுத்தவை. அதனால் உள்ளே இருந்தவர்களும் பிழைத்தார்கள், ஒருவரைத் தவிர. வடமேற்குத் தூண் டவுன் ஸ்டேஷனிலிருந்து வந்த மண்ணால் கட்டியது. அதில் ஒரு கல்லில் இருந்த அடியை வாங்கியவன் அந்த விடியலைப் பார்க்கவில்லை, அவன் வழவழவென்று ஒரு கீறலில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தான், நெஞ்சுவலி என்று எழுதியிருந்தார்கள். பொங்கியண்ணன் அந்தக் கல்லில்தான் முதுகைச் சாய்த்திருந்தார்.

சத்தம் ஓய்ந்ததும் ஆண்கள் தவழ்ந்து வந்தார்கள். செருப்பைத் தேடவில்லை. "மண்ணு, மண்ணு கொண்டாங்க" என்று கேட்டார்கள். மாடத்து டப்பாக்களைத் திறந்தால், கடைப் பொட்டலங்களைப் பிரித்தால், உள்ளே எல்லாம் நீலம். குடோனுக்கு ஆள் ஓடியது. மாரக்காள் கதவைத் திறந்து காட்டினாள், நூற்றுப்பத்து மூட்டையும் மயில் கழுத்து நிறத்தில் வயிறு புடைத்து உட்கார்ந்திருந்தன.

"சாப்பிட்டு முடிச்சுருச்சுங்க" என்றாள். "இனி ஒரு வாய்கூட எறங்காது."

அந்த வருஷம் கருங்கரட்டில் ஆண்கள் தடத்தோடு நடந்தார்கள், பந்தியில் உட்கார்ந்தார்கள், காதுகுத்துக்குப் போனார்கள், ஒறம்பரை பார்த்தது. அடிகளை வெளியே விட்ட சுவர் மழைக்காலத்தில் கரைந்து வெறும் மண்ணாகக் கிடந்தது. அதில் கீரை போட்டார்கள், நன்றாக வந்தது. வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பும் மூன்று நாள் அப்படியே கிடந்தன, சுகந்தி காவல் நின்றாள். நாலாம் நாள் ஒரே ஒரு ஜோடியை எடுத்துப்போய் ஓடையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

துளசிமணி ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிக்கொண்டாள், விலாவைக் கட்டிக்கொண்டாள், முகத்தைத் தொட விடவில்லை. ஈரத்துணிகூட வைக்க விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரி தேங்காயெண்ணெய் கொண்டுவந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டாள். தூக்கத்தில் தேய்ந்துவிடுமோ என்று கன்னத்தைத் தலையணையில் படாமல் மேலே வைத்தே நாலு மாதம் தூங்கினாள், நடுவில் விழித்து விழித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அந்தத் தடமும் ஆறவில்லை, முதல் நாள் போலவே சிவப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், எழுத்தைப் படித்தார், எழுதிக்கொண்டார்.

கோர்ட்டில் யுவராஜின் வக்கீல் எழுந்து, இந்த அம்மாளை என் கட்சிக்காரர் தொட்டதே இல்லை என்று சொன்னார், அது உண்மை. மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூண்டில் நின்ற துளசிமணியின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். மோதிரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொல்லி அதையும் பார்த்தார்.

"இது உங்க மேல விழுந்த அடிதானேம்மா?"

துளசிமணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சுகந்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க. என்ற பொண்ணோடதுங்க. எடுத்தது நானு, அதான் திருப்பிக் கொண்டாந்தனுங்க."